எலுமிச்சை மரத்தில் இரண்டு வீரர்கள்

என் அம்மா புழு எண்ணிச் சம்பளம் வாங்கினாள். கேட்டால் சிரிப்பார்களே என்று பள்ளியில் 'எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை' என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மலேசியாவில் கோல சிலாங்கூருக்கு வடக்கே, நாற்பது வீடுகள் உள்ள செம்பனை எண்ணெய்த் தோட்டம் எங்களுடையது. எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதே ஊருக்குத் தெரியும்போது, யார் செம்பனை மட்டையைப் புரட்டிப் புழு எண்ணுகிறார்கள் என்பது தெரியாமலா போகும்? அம்மாவைப் 'புழுக்கார அக்கா' என்றார்கள். நான் 'புழுக்காரி மகள்' ஆனேன்.

வேலை விளையாட்டல்ல. புழு விழுந்தால் செம்பனை ஓலை சல்லடையாகிவிடும். மருந்தடிப்பதற்கு முன் எந்தப் புழு, எத்தனை என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டும். அம்மா மட்டையை வெட்டித் தள்ளி, ஓலை ஓலையாகத் திருப்பிப் பார்த்து, பாரம் எனும் அச்சுப் படிவத்தில் எழுதுவாள். பாரத்தில் புழுக்களின் பெயர் லத்தீனில் இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவள் அவற்றையெல்லாம் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்வாள். மெட்டிசா பிளானா, செட்டோரா நிட்டென்ஸ், மகாசேனா கோர்பெட்டி. வெங்காயம் நறுக்கும்போதுகூட வாய் முணுமுணுக்கும்.

அந்தப் பாரங்களைச் சரிபார்க்க ரவாங்கிலிருந்து ஓர் அதிகாரி வருவார். தமிழ்ப் பெண். முழங்கால்வரை பூட்ஸ், தோளில் பை, வயது முப்பதுக்குள். அம்மா அவரை 'மிஸ்' என்பாள், அவர் அம்மாவை 'அக்கா' என்பார். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி எங்கள் வீட்டில் தேநீர் குடித்தார். அம்மா நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டாள்.

"மிஸ், மகாசேனான்னா நம்ம முருகன் பேராச்சே. பூசாரி அர்ச்சனையில சொல்வாரு. புழுவுக்குப் போய் யாரு வெச்சா?"

அதிகாரி சிரித்தார். "யாரோ வெள்ளைக்காரர் ஆசையா வெச்சிருப்பாரு அக்கா. இதுக்கே இப்படிச் சொல்றீங்களே, உங்க வாசல் எலுமிச்சை மரத்துல யாரு இருக்காங்க தெரியுமா?"

மழை விட்டதும் மூவரும் மரத்தடிக்குப் போனோம். மஞ்சளும் கறுப்புமாய் ஒரு வண்ணத்துப்பூச்சி, வால் வைத்த கறுப்பு ஒன்று. இரண்டின் புழுக்களும் அந்த மரத்து இலையைத்தான் தின்றன. அதிகாரி சொன்ன கதை இது. லத்தீன் மொழியில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் எழுதிய ஒரு பெரிய காவியம். அதில் கிரேக்கர்கள் கடல் தாண்டிப் போய் ஒரு நகரத்தை அழித்த போர் வருகிறது. பிற்காலத்தில் சுவீடன் நாட்டுக்காரர் ஒருவர் உலகத்து வண்ணத்துப்பூச்சிகளுக்கெல்லாம் பெயர் வைக்க உட்கார்ந்தபோது, இத்தனை பெயருக்கு எங்கே போவது என்று அந்தப் போர்வீரர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டாராம்.

"மஞ்சள் டெமோலியஸ், கிரேக்கன். ரெண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாத கவசத்தப் போட்டுக்கிட்டு எதிரிய விரட்டுனவன். கடைசியில செத்துட்டான். அந்தக் கவசத்தப் படகுப் போட்டியில ரெண்டாவது பரிசா கொடுத்துட்டாங்க. காவியத்துல அவனப் பத்தி நாலஞ்சு வரிதான் அக்கா."

"அந்தக் கறுப்பு?"

"போலிட்டீஸ். தோத்த ஊர் ராஜா மகன். அப்பா கண்ணு முன்னாலயே குத்திட்டாங்க."

அம்மா அந்தக் கறுப்பை விரலால் காட்டினாள். "தோத்தவன் பேரையுமா வெச்சாரு?"

"ரெண்டு பக்கத்து ஆளுங்க பேரையும் வெச்சாரு அக்கா."

அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். உள்ளே ஓடிப்போய் இன்னொரு கோப்பை தேநீர் கொண்டுவந்தாள். அதிகாரி பாரத்தின் பின்பக்கம் இரண்டு பெயர்களையும் தமிழில் எழுதிக் கொடுத்தார். அது எங்கள் வீட்டு மாரியம்மன் படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்தது அந்தச் சமயத்தில்தான். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகன் எரிமலை செய்யப்போவதாக வகுப்பெல்லாம் பேச்சு. நான் யோசிக்காமல் கை தூக்கி, 'வண்ணத்துப்பூச்சிகளும் போர்வீரர்களும்' என்று சொல்லிவிட்டேன். புழுக்காரி மகள் வேறென்ன கொண்டுவருவாள் என்று பின்வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பை அடக்க வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வீட்டில் ஒரு தடை இருந்தது. அப்பா செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். அம்மன் திருவிழாவுக்கு நூற்றெட்டு எலுமிச்சம்பழ மாலை எங்கள் மரத்திலிருந்துதான் போகும் என்பது அவருக்குப் பெரிய பெருமை. மருந்துப் பம்போடு வாசலில் நின்றார். அம்மா மரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"புள்ள கண்காட்சி முடியட்டும்."

"தோட்டத்துல ஒரு புழு விடாம கணக்கு எழுதிக் கொல்ல வைக்கிற. வீட்டுல காவல் நிக்கிறியா?"

"அதுங்க பேரு வேற. இவங்க வீரனுங்க."

"அப்ப முனியாண்டி படையல்ல சுருட்டு வைக்கிறப்ப இவனுங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு வெச்சிரவா?"

"வைங்களேன். என்னா இப்போ?"

அப்பா பம்பைக் கீழே வைத்துவிட்டார். சொன்னதைச் செய்கிற மனிதர் வேறு. அந்த வாரப் படையலில் முனியாண்டிக்கு வைத்த சுருட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கூடுதலாக இருந்தன. பூசாரி யாருக்கு என்று கேட்டதற்கு, "வெளியூர் ஆளுங்க" என்றார் அப்பா.

இரண்டு புழுவும் சின்னதில் பறவை எச்சம்போல ஒன்றாகத்தான் இருக்கும். அம்மா கண்ணுக்கு மட்டும் எது எவன் என்று தெரியும். பிரித்து எடுத்து, மினரல் வாட்டர் அட்டைப்பெட்டியில் கொசுவலை கட்டி வளர்த்தாள். கூட்டுப்புழுவாகித் தொங்கிய நாளில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகும் கார்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போயின. அதில் போகிறவர்களை நிறுத்தி இதைக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம், அம்மா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் தரையில் படுத்து அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு, விளக்கம், கடைசியில் 'வளர்த்தவர்' என்று ஒரு கட்டம். அம்மா நெத்திலியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வளர்த்தவங்க பேரு போடணுமாமே? என் பேரப் போடேன்."

அம்மாவுக்கு ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியும். அடையாள அட்டையில் இருக்கிறது. தஞ்சோங் காராங் மருத்துவமனையில் ஒரு முறை நர்ஸ் அதைச் சொல்லிக் கூப்பிட்டபோது நாங்கள் இருவருமே சட்டென்று எழுந்திருக்கவில்லை. அந்தப் பெயரை எழுதினால் யாருக்கு யாரென்று தெரியும்? அதைவிடப் பெரிதாக ஒன்று எனக்குத் தோன்றியது. சிவப்புக் கலர் பென்சிலால், சுற்றிலும் பூ வரைந்து எழுதினேன்: என் அம்மா.

காட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்க" என்றாள்.

மறுநாள் விடியும்போது டெமோலியஸ் வெளியே வந்து ஈரச் சிறகோடு உட்கார்ந்திருந்தான். போலிட்டீஸ் கூடு திறக்கவில்லை. பள்ளியில் எரிமலை சிவப்பு நுரை கக்கி மேசைத் துணியை நனைத்தது. கூட்டம் அங்கேதான். கல்வி இலாகாவிலிருந்து வந்தவர் கடைசியாக என் மேசைக்கு வந்து, "இந்தப் பெயர்களுக்கு என்ன பொருள்?" என்று கேட்டபோது கதையெல்லாம் மறந்துபோய் அட்டையை நேராக்கினேன். பின்வரிசை சிரிக்கத் தயாரானது.

அம்மா அப்போதுதான் வேலைக்காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். சேறு படிந்த பூட்ஸ், தலையில் துண்டு. கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். "நான் சொல்லவா சார்?" என்றவள், இரண்டு பேர் தூக்க முடியாத கவசத்தையும், அப்பன் கண்ணெதிரே விழுந்த மகனையும் சொல்லச் சொல்ல, எரிமலையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் எங்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள். கிராணி மகன்கூட வந்தான்.

"தோத்தவன் இன்னும் வெளியவே வரலையே அம்மா?" என்றார் இலாகாக்காரர்.

"வருவான் சார். அவன் பேரும் அட்டையில இருக்குல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு பென்சில் பெட்டி. டெமோலியஸின் கவசம் மாதிரியே என்று அம்மா காதில் சொன்னேன். பரிசு கொடுத்தபோது தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, "இவ்வளவு அருமையாக விளக்கிய இவரைப் பாராட்ட வேண்டும், இவர் பெயர்..." என்று நிறுத்தி, என் அட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இந்த மாணவியின் அம்மா!" என்றார். மண்டபமே தட்டியது. உள்ளங்கை எரிய எரிய நானும் தட்டினேன். அம்மாவும் சிரித்தாள். அன்றிலிருந்து நான் யாரிடமும் ஆபீஸ் வேலை என்று சொன்னதில்லை. போலிட்டீஸ் இரண்டு நாள் கழித்து வந்தான். அப்பா திருவிழாவுக்குப் பழத்தை முணுமுணுத்துக்கொண்டே கடையில் வாங்கினார்.

போன வருடம் தோட்டத்து வீட்டைக் காலி செய்து அம்மாவை ரவாங்குக்கு அழைத்து வந்தேன். மாரியம்மன் படத்துக்குப் பின்னால் அந்தத் தாளும், பெட்டிக்குள் பழைய பாரங்களின் நகல்களும் இருந்தன. பதினேழு வருடத்துப் பாரங்கள். 'எண்ணியவர்' என்ற கட்டத்தில், அம்மாவின் உருண்டைக் கையெழுத்தில், ஒவ்வொரு தாளிலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் பெயர்.

"என்னாம்மா இது?"

"மண்டோர் பேரத்தான் போடணும்னு சொன்னாங்க. இருக்கட்டும், அத அந்தப் பக்கம் வை."

நெத்திலியைப் பார்த்தபடி அவள் ஏன் கேட்டாள், அட்டையை ஏன் அத்தனை நேரம் பார்த்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. என்னால் கொடுக்க முடிந்த பெரிய பட்டத்தைக் கொடுத்துவிட்டதாக நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

என் அம்மாவின் பெயர் தனபாக்கியம். அந்த அட்டையில் அதற்கு இடம் இருந்தது.