வாத்தியாருக்கு லீவு என்று சொன்னேன்

ஒரு மனிதனுக்கு அமையவிருந்த பெண்ணை அமையவிடாமல் செய்தவன் நான். மொட்டைக் கடிதம் எழுதவில்லை, கோள் மூட்டவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னேன். அதுவும் ரயில் வண்டியின் கார்டு ஒருவர் கேட்ட கேள்விக்குத்தான்.

போடிக்கு ரயில் வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. தேனிக்கு மேற்கே எங்கள் ஊரிலும் நின்று போகும். பிளாட்பாரம் என்று பேர். பார்த்தால் ஒரு செம்மண் மேடு. காலை வண்டியில் தினமும் போடிக்குப் போகிறவர்கள் பதினைந்து இருபது பேர். ஏலக்காய்க் கடைச் சிப்பந்திகள், தயிர்க்காரிகள், ஒரு தையல்காரர், வக்கீல் குமாஸ்தாவான நான். எல்லோரும் கடைசிப் பெட்டியில்தான் ஏறுவோம். ஏனென்றால் அதற்கு அடுத்தது கார்டின் பெட்டி. கொடியை விரிக்கும் முன் அவர் எங்களைப் பார்த்து, எல்லாரும் வந்தாச்சா என்று கேட்பார். "ஒரு ஆள் வர்றாக" என்றால் போதும், வண்டி நிற்கும். பதில் சொல்வது ஜன்னலோரத்துக்காரர் பொறுப்பு. மெட்ரிகுலேஷன் தேறியவன் என்று அந்த இடத்தை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஒரு ஆள் எப்போதும் ஒரே ஆள்தான். போடியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார், என்னைவிட இளையவர். வண்டி வந்து நின்ற பிறகுதான் பருத்திக்காட்டு வரப்பில் அவர் தலை தெரியும். ஒரு கையில் செருப்பு, மறு கையில் தூக்குவாளி. ஏறியதும், வண்டிதான் முன்னதாக வந்துவிட்டது என்பதுபோல எங்களை முறைப்பார்.

பெட்டிக்குள் சாப்பாடு எல்லோருக்கும் பொது. ஒரு செவ்வாய்க்கிழமை என் தூக்குவாளியைத் திறந்து ஒரு வாய் போட்ட வாத்தியார், "அண்ணே, இது மதினி நேத்து வச்ச கொழம்பா, முந்தாநேத்து வச்சதா?" என்றார். பெட்டியே சிரித்தது. தயிர்க்காரி ஒருத்தி போடியில் இறங்கும்வரை சிரித்தாள். உண்மையில் அது முந்தாநாள் குழம்புதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

அன்று மாலை இறங்கி நடக்கையில் என்னைத் தனியே அழைத்து, மறுநாள் போடியில் பெண் பார்க்கப் போவதாகச் சொன்னார். அம்மாவும் தாய்மாமனும் முன்னதாகவே மாட்டுவண்டியில் போய்விட்டார்கள். பத்தரைக்குள் நல்ல நேரம். அவருக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. நாளைக்கு ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். சரி என்றேன்.

மறுநாள் கார்டு கேட்டார். மற்றவர்கள் சீட்டாட்டத்தில் இருந்தார்கள். தூரத்தில் பருத்திச் செடிகளுக்கு மேலே புது வேட்டி பளிச்சென்று தெரிந்தது. "வாத்தியாருக்கு இன்னைக்கு லீவுங்க" என்றேன். வண்டி நகர்ந்தது. அவர் கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் அப்போது பஸ் கிடையாது. நடந்தும், வைக்கோல் வண்டியில் தொற்றியும் அவர் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. புதன்கிழமை ராகுகாலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது முடியும்வரை ஒன்றரை மணி நேரம் அவரை எதிர்க்கடையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். பிறகு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

இதையெல்லாம் அடுத்த நாள் பெட்டியில் அவரே நடித்துக் காட்டினார். என்மேல் சந்தேகமே இல்லை; கார்டு கேட்க மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தார். என்னிடம் மட்டும் மெதுவாக, "அந்தப் புள்ள ஜன்னல் வழியாப் பாத்துச்சுண்ணே. வேட்டியில வைக்கோலப் பாத்துச் சிரிச்சுச்சு" என்றார். செய்ததை எப்படியாவது சரிசெய்ய நினைத்தேன்.

இன்னும் முடிவு சொல்லி அனுப்பவில்லையே என்ற நம்பிக்கையில், ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தகப்பனாரைத் தேடிப் போனேன். ஏலக்காய் வியாபாரி. ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காப்பி வரவழைத்தார். ஒரு ஆளுக்காக ரயில் எப்படி நிற்கும் என்று வியப்போடு கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் செல்வாக்கைக் காட்டவேண்டுமல்லவா? மழையானாலும் வெயிலானாலும் அவருக்காக நிற்கும் என்றேன்.

"தினமுமா?" என்றார்.

"தினமுந்தான்."

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நேரந்தப்புனது ஏதோ சாமி குத்தம், பரிகாரம் பண்ணிட்டு முடிச்சிருவோம்னுதான் வீட்டுல சொல்லிக்கிட்டிருந்தாக. நல்லவேளை, நீங்க வந்து சொன்னீக" என்றார்.

திங்கட்கிழமை, போடி ஸ்டேஷன் வாசலில் வாத்தியாரை நிறுத்தி இரண்டையும் சொன்னேன்.

"மொதத் தடவ கோவத்துல செஞ்சீக. சரி. ரெண்டாந் தடவ எதுக்குண்ணே போனீக?"

"உங்களுக்கு நல்லது செய்யத்தான்" என்றேன்.

"இனிமே செய்யாதீக" என்றார்.

அந்தப் பெண்ணை மார்க்கையன்கோட்டையில் கொடுத்தார்கள். வாத்தியார் அன்றிலிருந்து முதல் பெட்டியில் ஏறினார். அடுத்த சில வருடங்களில் மூன்று நல்ல இடத்து ஜாதகங்களை வாங்கி அவரிடம் கொண்டுபோனேன். மூன்றையும் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். யுத்தத்துக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும்வரை அவர் முதல் பெட்டியில், தனியாளாகவே போய்வந்தார்.