இருபத்துமூன்று பயத்தம் உருண்டைகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். சேர்ந்து மூன்று வருடமாகியும் தற்காலிகத் தொழிலாளிதான். அந்தக் கோடையில் ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், யார் என்பதை எங்கள் சூப்பவைசரே முடிவு செய்வார் என்று கதை அடிபட்டது. அவர் ஜப்பானியர். அந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு தேநீருக்கு வீட்டுக்கு வரச் சொன்னார்.

வேறொருவன் என்றால் மகிழ்ந்திருப்பான். நான் நூலகத்துக்கு ஓடினேன். ஜப்பானியர் வீட்டுக்குப் போகும் முறை பற்றி ஒரு புத்தகம் அகப்பட்டது. வெறுங்கையோடு போகக்கூடாது. இரண்டு கைகளாலும் கொடுக்க வேண்டும். 'இது அற்பப் பொருள்' என்று சொல்ல வேண்டும். அவர் இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவைதான் வாங்குவார், நமக்கு முன்னால் பிரிக்கவும் மாட்டார். முக்கியமாக, நாலு சாவு எண். எதையும் நாலாகக் கொடுக்கக்கூடாது. குளியலறைக் கண்ணாடிக்கு முன் சவர்க்காரப் பெட்டியை நீட்டி ஒத்திகை பார்த்தேன். எண்ணிப் பார்த்தால், நாலு நாள்.

மனைவி பயத்தம் மாவை வறுத்து உருண்டை பிடித்து, ஒரு பெட்டியில் வரிசையாக அடுக்கினாள். றிச்மண்ட் ஹில்லில் அவருடைய வீட்டு மணியை அமத்தியபோதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"எத்தினை உருண்டை வைச்சனீர்?"

"இருபத்திநாலு. ஏன்?"

"ஐயோ, கடைசியில நாலு நிக்குதெல்லே! ஒண்டைச் சாப்பிடும்."

"உங்களுக்கென்ன விசரே? லிப்ஸ்ரிக் போட்டிருக்கிறன். நீங்களே விழுங்குங்கோ."

மூடியைத் திறந்து ஒன்றை முழுதாக வாய்க்குள் தள்ளினேன். கதவும் திறந்தது.

பயத்தம் உருண்டை அவசரத்துக்கு உதவும் பண்டமல்ல. தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையில் சீமெந்து. 'அற்பப் பொருள்' என்ற வசனம் அதற்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. ஊமையாகப் பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினேன். மனிதர் முதல் தடவையே பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு மறுப்பு பாக்கியிருக்கிறதே! நான் விடவில்லை. அவர் இழுத்தார். நானும் இழுத்தேன். மனைவி முதுகில் கிள்ளினாள். வலியில் பெட்டியை விட்டேன், கூடவே இருமலும் வெடித்தது. அவருடைய கறுப்புச் சட்டை முழுவதும் பயத்தம் மா.

என்னுடைய நிரந்தர வேலை அந்தச் சட்டையில் தூளாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வாசலிலேயே பெட்டியைத் திறந்தார். வரிசையில் ஒரு இடைவெளி. என் மீசையைப் பார்த்தார். இரண்டு கோப்பை தண்ணீர் தந்துவிட்டு, "என்ன நடந்தது?" என்று கேட்டார். புத்தகத்தில் இருந்த அத்தனையையும் ஒப்புவித்தேன். வேலைக்காகப் பயந்ததையும் மறைக்கவில்லை.

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "நான் கனடாவிலேயே, அல்பேர்ட்டாவில் பிறந்தவன். ஜப்பானைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் மாமியார் அடுத்த மாதம் அங்கிருந்து வருகிறார்." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புத்தகத்தை எனக்குக் கொஞ்சம் தருவாயா?"

அடுத்த நாள் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், இரண்டு கைகளாலும். வெள்ளிக்கிழமை அவர் என்னை அழைத்து, நிரந்தர வேலைக்கான படிவத்தை நீட்டினார்.

இரண்டு தடவை மறுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. முதல் தடவையே பறித்துக்கொண்டேன்.