பதில் வராத இரண்டு முகவரிகள்

நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் எட்டாம் நாள் காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரில் கரை சேர்ந்தது. சுயாட்சி வந்த புதிது. ஊரெங்கும் ஒரே கலகலப்பு.

எங்கள் ஊர்ப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதும் குமாஸ்தா நான். கன்னத்தில் அதே வியாதி வந்து அங்கேயே கத்தி வைத்துக்கொண்டவனும்கூட. சிகிச்சை முடிந்து வீடு போய்க் கடிதம் போட்ட நோயாளிகள் எல்லாரும் நலம் என்ற பட்டியலைப் பார்த்துத்தான் இத்தனை நாள் தூங்கினேன். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டபோது, அங்கிருந்து வந்து வைத்தியம் செய்துகொண்டு போன இருவரின் முகவரிகளை டாக்டர் ஒரு தாளில் எழுதித் தந்தார். "பதில் போடாதவங்களை விட்டுட்டு எண்ணினா கணக்கு பொய் சொல்லும்யா. பார்த்துட்டு வா" என்றார். ஒரு மாதமாகக் கன்னத்தில் சின்ன முடிச்சொன்று நாக்கில் தட்டுப்படுவதை அவரிடம் சொல்லவில்லை. பயம், வேறென்ன!

பத்து மணிக்கு ஜாலான் புசார் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் முதல் முகவரிக்காரரின் தம்பி நாற்காலி போட்டார்.

"அண்ணன் தவறி ஆறு மாசமாச்சு."

"ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எப்படிலா எழுதறது? அவ்வளவு நல்லா பார்த்தீங்க. உங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டோம்."

இப்படி எங்கள் மனம் நோகாமல் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ!

அடுத்தது சுவா சூ காங். பன்னிரண்டு மைல், டாக்ஸிக்கு ஐந்து வெள்ளி. வழிநெடுக ரப்பர் மரங்கள்.

"ரொம்ப வேர்க்குதே, உடம்பு சரியில்லையா?" என்றார் டாக்ஸிக்காரர்.

"வெயில்" என்று புளுகினேன்.

இரண்டு மணிக்குக் கோழிப் பண்ணை வாசலில் இறங்கி, முனியம்மா இருக்கிறாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தீவனத் தட்டோடு நின்ற அம்மாள், "நான்தான்" என்றார். கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

"நல்லாத்தானே இருக்கீங்க? ஏம்மா கடிதம் போடலே?"

"போட்டா வரச் சொல்லுவீங்க. வந்தா எதையாவது கண்டுபிடிப்பீங்க. பயம்லா!" பிறகு என்னையே உற்றுப் பார்த்தார். "சரி, நீங்க ஏன் கன்னத்தையே தடவிக்கிட்டு இருக்கீங்க? டாக்டர்கிட்டே காட்டினீங்களா?"

சட்டென்று கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் தங்குவதாக இருந்தவன், தங்கை கோபித்தும் கேளாமல் அடுத்த கப்பலிலேயே ஏறிவிட்டேன். கரை மறைந்ததும் டாக்டரின் தாளை எடுத்தேன். முதல் பெயருக்கு எதிரே "இறந்தார்". அடுத்ததற்கு "நலம்". அதன் கீழே என் பெயரை எழுதினேன். எதிரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை.