ஸ்டாண்டு பதிந்த தார்

தெருவில் அவரைச் 'சத்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் தார் வெட்டும் மிஷினோடு மல்லுக்கட்டியதில் காது மந்தமாகிவிட்டது. ரகசியத்தைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்படிதான் சொல்வார்.

அன்று அவர் போனது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மாவின் வீட்டுக்கு. கேட்டிலிருந்து வாசல் வரை தார் போட்ட பாதை. அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, நடுவில் ஓரிடம் அமுங்கிக் கிடந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்தால்தான் பிளம்பர் குழாயைத் தொட முடியும்.

சத்தம் நூல் பிடித்து நான்கு பக்கமும் கோடு போட்டார். நர்ஸம்மா வந்து நின்று, கோட்டுக்குள் இருந்த ஒரு சின்னக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கோடு சரியில்லையா?"

"கோடெல்லாம் சரிதான் தம்பி. இது எங்க வீட்டுக்காரர் பைக் ஸ்டாண்டு பதிஞ்ச இடம். வெயில்ல தார் இளகியிருக்கு, இங்க நிறுத்தாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே. பைக் சாஞ்சு என் ரோஜாத் தொட்டி மேல விழுந்துது. மூணு நாள் நான் பேசவே இல்ல."

"சார் இப்ப எங்கம்மா?"

"போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு."

கோட்டைத் தள்ளிப் போட வழியில்லை. குழாய் அந்தக் குழிக்கு நேர் கீழேதான் ஓடியது. பிளேடில் தண்ணீர் விட்டுக்கொண்டே சத்தம் நான்கு பக்கமும் வெட்டினார். பிறகு, யாரும் சொல்லாமலே, குழியைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு இன்னொரு சதுரம். மற்றதையெல்லாம் கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்து வண்டியில் போட்டார். அந்தச் சதுரத்தை மட்டும் அடியில் மண்வெட்டி கொடுத்து, உடையாமல் தூக்கி, பலகைமேல் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் கறுப்புச் சேறு.

"வெச்சுக்குங்கம்மா," என்றார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

நர்ஸம்மா சிரித்தார். சிரிப்பிலேயே கண் கலங்கிவிட்டது.

"இதை வெச்சு நான் என்னப்பா பண்ணுவேன்?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, கதவு காத்துல அடிச்சுக்கிட்டே இருக்கு, அதுக்கு முட்டுக் குடுங்க. இருந்தப்ப ஒரு வேலை சொன்னா காதுல போட்டுக்கிட்டதில்ல மனுஷன். இப்பவாவது செய்யட்டும்."

பிளம்பர் வேலை முடிந்து, புதுத் தாரும் போட்டாகிவிட்டது. அந்தப் பக்கம் போனால் சத்தம் இன்றும் உள்ளே எட்டிப் பார்க்காமல் வருவதில்லை. நர்ஸம்மா முதலில் கையை நீட்டச் சொல்லி பிரஷர் பார்ப்பார். அப்புறம்தான் டீ.