ஸ்கேலுக்கு மேலே இருந்த பெயர்

எதை வாசித்தாலும் வரிக்குக் கீழே எதையாவது வைத்துக்கொள்வது சித்தியின் பழக்கம். செய்தித்தாளுக்குச் சீப்பு, மின்கட்டண ரசீதுக்குத் தீப்பெட்டி, என் கல்லூரி மதிப்பெண் பட்டியலுக்குக் கண்ணாடிக்கூடு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். கேட்டால், "வரி தாவிடும்டி" என்பாள்.

கண் மருத்துவமனையில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. சீட்டுகள் இருந்தவரை பிரச்சினையில்லை. கம்ப்யூட்டர் வந்ததும் அன்றைய பெயர்களெல்லாம் திரையில் ஒரு பெட்டிக்குள் வரிசையாக நின்றன. கற்றுக்கொடுக்க வந்தவர் டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார். சித்தி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையில் டேப் போட்டு ஒட்டினாள். ஸ்கேலுக்கு நேர் மேலே இருக்கும் பெயரைக் கூப்பிடுவாள். பிறகு ஸ்கேலை உரித்து ஒரு வரி கீழே ஒட்டுவாள்.

அன்றிலிருந்து அடிக்கடி யாராவது சண்டைக்கு வந்தார்கள், தங்களைக் கூப்பிடவே இல்லையென்று. சித்தி விடமாட்டாள். "கூப்பிட்டேன். போன்ல மூழ்கிக் கிடந்தா எப்படிக் கேக்கும்?" வீட்டிலும் அதே புலம்பல். கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வெடிக்கும்.

ஒருநாள் கண்ணாடி மாற்றப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு லாரி டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"அம்மா, இன்னைக்குக் கண் சர்டிபிகேட் குடுக்கலைன்னா என் வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எனக்குப் பின்னாடி வந்தவங்கல்லாம் உள்ள போறாங்களே?"

"உங்க பேரு எப்பவோ தாண்டிடுச்சு. தூங்கிட்டீங்களா?"

"லாரி ஓட்டுறவன்மா நான். பகல்ல தூங்குற ஆளா இருந்தா இங்க வந்திருக்க மாட்டேன், மேல போயிருப்பேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து, முன்பே கூப்பிடப்பட்டு, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்த ஒருவர் பொறுமையிழந்து, பதிவு மேசையில் சொல்லிவிட்டுப் போனார். அங்கே அவர் பெயரை நீக்கினார்கள். இங்கே திரையில் அவருக்குக் கீழே இருந்த பெயர்களெல்லாம் ஒரு வரி மேலே ஏறின. ஸ்கேல் மட்டும் ஒட்டின இடத்தில் இருந்தது. அடுத்துக் கூப்பிட வேண்டியவர், கூப்பிட்டு முடித்தவர்களோடு சேர்ந்துவிட்டார். டிரைவருக்கும் இதுதான் நடந்திருக்கும்.

"சித்தி, ஸ்கேல் நிக்குது, பேரெல்லாம் நகருது. கடைசியாக் கூப்பிட்ட பேரு நீலமா இருக்கு பாரு, ஆள் உள்ள போனதும் டாக்டர் ரூம்ல அப்படி மாத்திடறாங்க. அது எங்க போனாலும் நீலமும் கூடவே போகும். அதுக்குக் கீழ இருக்கறதப் படி."

"அப்ப நான் தப்பாப் படிக்கிறேங்கற?"

"அப்படிச் சொல்லல. அது காகிதம் இல்ல."

"உன்னைப் படிக்க அனுப்பினதுக்கு எனக்கே பாடம் எடுக்கறியாக்கும்!"

நாங்கள் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் டாக்டர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"நாளைக்கு வாங்க, முதல் ஆளா அனுப்புறேன்" என்றாள் சித்தி.

"நாளைக்கு வண்டி இருக்காதும்மா." அவர் போய்விட்டார்.

யார்மேல் எரிச்சல்படுவது? பட்டியலைச் செய்தவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். சித்தியும் உள்ளதைத்தான் வாசித்தாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இந்தச் சின்ன விஷயத்தை அவளுக்கு உறைக்கிற மாதிரி சொல்ல எனக்கு ஏன் வரவில்லை?

மறுநாள் சித்தி ஸ்கேலை எடுத்துவிட்டாள். டிரைவர் வரவில்லை. அவருடைய போன் நம்பர் பதிவில் இருக்கிறது. "போன் பண்ணி ஒரு வார்த்தை, 'தப்பு என் பேர்லதான்'னு சொல்லேன் சித்தி" என்று நானும் நச்சரித்துப் பார்த்துவிட்டேன்.

"அவருக்கு இந்நேரம் வேற வண்டி கிடைச்சிருக்கும்டி" என்கிறாள்.

அந்த ஒரு வார்த்தை அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.