ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர்

வெர்லின் ஸ்டக்கிக்கு மாடுகளைக் கண்டால் பயம். கன்சாஸின் மேற்குக் கோடியில், மனிதர்களைவிட மாடுகள் அதிகம் உள்ள மாவட்டத்தில் பிறந்தவருக்கு இது வசதியான குணம் அல்ல. ஏணி பயம், இடி பயம், நாற்பது மைல் வேகத்தைத் தாண்டும் எந்த வண்டியும் பயம், ஓட்டுவது அவரேயானாலும். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, ஓடிவந்து ஒருவனையொருவன் முட்டித் தள்ளுவதையே ஆட்டமாக வைத்திருக்கும் அமெரிக்க ஃபுட்பாலில், முட்டுப்பட்டவர்களைக் கவனிப்பது. எல்ம் ஃபோர்க் கல்லூரி அணியில் இருபத்தாறு வருடமாக அதைச் செய்துவந்தார். டாக்டர் படிப்பு கிடையாது. ஆனாலும் பையன்கள் 'டாக்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் ஒரே ஒரு வித்தை இருந்தது. தலையில் அடிபட்டவன் மறுபடி ஆடப் போகிறேன் என்று துள்ளினால், அவனோடு வாதாட மாட்டார். அவன் ஹெல்மெட்டை எடுத்து ஒளித்துவிடுவார். ஹெல்மெட் இல்லாதவன் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. வாதாடுவதற்குத் தைரியம் வேண்டும். ஒளிப்பதற்குப் பயமே போதும். பழைய பயிற்சியாளர்கள் வாரநாட்களில் பூகோளம் நடத்திய சாதுக்கள். கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள்.

எழுபத்தெட்டாம் வருடம் கார்லைல் பிரிட்சார்ட் வந்தார்.

தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழக அணிக்கு இரண்டு முறை நாட்டிலேயே முதலிடம் வாங்கித் தந்த பயிற்சியாளர். மேலிடத்தோடு சண்டை போட்டு வெளியேறிய பிறகு, மனைவியின் சொந்த ஊரான எல்ம் ஃபோர்க்குக்கு வந்து, 'சும்மா இருக்க முடியவில்லை' என்று இந்த அணியை ஏற்றுக்கொண்டார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எல்ம் ஃபோர்க்கில் புல்லுக்குக் குறைவில்லை; குறைவெல்லாம் மற்றவற்றுக்குத்தான்.

தானியக் கூட்டுறவு அலுவலகத்தில் காலைக் காப்பி குடிக்கும் விவசாயிகள் இதை ஒரு மாதம் அலசினார்கள்.

"நல்ல விவசாயி எந்த மண்ணுலயும் கோதுமை எடுப்பான்யா," என்றார் ஆர்வல் கோரிங்.

"அப்படியா? என் வடக்கு வயல்ல கொண்டாந்து விடு பாப்போம்," என்றார் மார்வின் ஷ்ராக். "மூணு வருஷமா வானத்தைப் பாத்துக் கழுத்து சுளுக்கிப்போச்சு எனக்கு. அந்த ஆளு ஜெயிச்ச எடத்துல மண்ணு நல்ல மண்ணு. அங்க நீ வெதைச்சாகூட மொளைக்கும்."

"டாக், நீ சொல்லு. நீதானே உள்ள இருக்கே," என்று வெர்லினை இழுத்தார் ஆர்வல்.

"எனக்கு அந்த ஆளைப் பாத்தாலே வயித்தைக் கலக்குது," என்றார் வெர்லின்.

"உனக்கு என் வீட்டுக் கோழியைப் பாத்தாலும் கலக்கும்," என்றார் மார்வின். அதோடு அன்றைய விவாதம் முடிந்தது.

பிரிட்சார்டின் முறை எளிமையானது. பையன்கள் எதிரணியைவிடத் தன்னைக் கண்டு அதிகம் நடுங்க வேண்டும். ஆகஸ்டு வெயிலில் பயிற்சியின்போது தண்ணீர் கிடையாது. வெர்லின் தன் ஐஸ் பெட்டியில் துவாலைகளை ஊறவைத்து, முகம் துடைக்க என்று நீட்டினார். பையன்கள் அதைச் சப்பிக் குடித்தார்கள். ஒருவன் சுருண்டு விழுந்துவிடுவான், அவன் அம்மாவுக்குத் தான்தான் போன் செய்ய வேண்டும் என்று அந்த மாதம் முழுக்க அவர் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் விழவில்லை. போய்விட்டார்கள். முப்பத்தெட்டுப் பேரில் பதினொரு பேர் முதல் வாரத்திலேயே கிளம்பிவிட்டார்கள்.

இதைப் பிரிட்சார்ட் எதிர்பார்க்கவில்லை. பழைய இடத்தில் ஒவ்வொருவன் முதுகுக்குப் பின்னாலும் அவன் இடத்துக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள். பயத்தின் பாதி அந்த மூன்று பேர்தான். இங்கே முதுகுக்குப் பின்னால் காற்று மட்டும் அடித்தது. பயந்தவன் அப்பாவின் பண்ணைக்குத் திரும்பினான். அங்கே காலையில் நாலு முட்டையும் வேண்டிய மட்டும் தண்ணீரும் கிடைத்தன.

மிச்சம் இருந்த இருபத்தேழு பேரை வைத்துக்கொண்டு அவர் நாலு ஆட்டம் ஜெயித்தார், நாலு தோற்றார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் வாந்தி எடுத்தார். அந்தக் கட்டடத்தில் கழிப்பறை ஒன்றுதான் என்பதால் இது வெர்லினுக்குத் தெரியவந்தது. தெரிந்ததில் நிம்மதி எதுவும் வரவில்லை. பயமே இல்லாதவனுக்குப் பயப்படுவது ஒரு பங்கு. பயந்துகொண்டிருப்பவனுக்குப் பயப்படுவது இரண்டு பங்கு. பயந்தவன் என்ன செய்வான் என்பது அவருக்குச் சொந்த அனுபவம்.

நவம்பர் மாதக் கடைசி ஆட்டம், செயின்ட் போனிஃபஸ் கல்லூரியோடு. ஜெயித்தால், தோற்றதைவிட ஜெயித்தது அதிகம் என்று பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகச் சொல்லிக்கொள்ளலாம். பிரிட்சார்டின் திட்டம் முழுதும் டெல்மர் உன்ரூ என்ற ஒருவன் மேல் நின்றது. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக எதிரணி ஆட்களின் சுவரில் போய் மோதுவது அவன் வேலை. பரந்த தோள், அதைவிடப் பெரிய தலை. அந்தத் தலைக்கு அலமாரியில் இருந்த எதுவும் நுழையாமல், போன வருடம் தொழிற்சாலைக்கு எழுதி, நாலு மாதம் காத்திருந்து ஒரே ஒரு ஹெல்மெட் வரவழைத்திருந்தார்கள்.

நாலு பகுதி ஆட்டத்தில் மூன்றாவது முடியும் தறுவாயில் டெல்மர் மோதினான். பந்து நழுவி உருண்டது. ஊரே பந்தைப் பார்த்து எழுந்து நின்றது. வெர்லின் மட்டும் டெல்மரைப் பார்த்தார். அவன் எழுந்தான், உதறிக்கொண்டான், நடந்துபோய் எதிரணிக்காரர்கள் கூடிப் பேசும் வட்டத்தில் சேர்ந்து, கவனமாகத் தலை குனிந்து நின்றான். அவர்களில் ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான்.

ஓரத்துக்கு வந்தவனை வெர்லின் உட்காரவைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, டாக். நல்லாத்தான் இருக்கேன்."

"சரிப்பா. உங்க வீட்டு நாய் பேரு என்ன?"

"என்ன டாக் இது, வெளையாட்டா? பிஸ்மார்க்."

பிஸ்மார்க் செத்து இரண்டு வருடம் ஆகிறது. அறுவடை லாரிக்கு அடியில் போனது. புதைக்க மண்வெட்டி கொடுத்தவரே வெர்லின்தான்.

டெல்மர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் அவர் ஹெல்மெட்டை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் அமுக்கி, மேலே துவாலையைப் போட்டு, மூடியைச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நாலாம் பகுதியில் பிரிட்சார்ட் வந்து நின்றார்.

"ஸ்டக்கி, உன்ரூவை அனுப்பு."

"அவன் ஹெல்மெட்டக் காணோம், கோச்."

"காணோமா? அது என்ன மோதிரமா காணாம போறதுக்கு?"

"தேடிக்கிட்டிருக்கோம், கோச்."

"உக்காந்துக்கிட்டா?"

எழுந்து நில் என்று யாராவது அதட்டியிருந்தால் வெர்லின் எழுந்திருப்பார். பிரிட்சார்டுக்கு அதட்ட நேரமில்லை. மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். மூன்று பேருடையதைப் போட்டுப் பார்த்தார்கள். பூசணிக்காய் மேல் கவிழ்த்த டம்ளர் மாதிரி ஒவ்வொன்றும் உச்சியிலேயே நின்றது. டெல்மர் அழுதான். டெல்மருக்குப் பதிலாகப் போனவன் ஒல்லியான பையன். கடைசி நிமிடத்தில், தாண்டினால் ஆறு புள்ளி தரும் கோட்டுக்கு இரண்டு கெஜம் இருக்கும்போது பந்தோடு மடங்கி விழுந்தான். நாலு புள்ளியில் தோல்வி.

ஞாயிற்றுக்கிழமை டெல்மர் சர்ச்சுக்கு வந்தான். மதியம் கோஸும் கறியும் அடைத்த ரொட்டி ஆறு தின்றான் என்று கேள்வி. அவன் அப்பா வெர்லினைப் பார்த்ததும் வணக்கமாகத் தொப்பியைத் தொடாமல் தாண்டிப் போனார். நடக்காத சாவுக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. வெர்லினின் மனைவி லவான் மட்டும் மிளகாய்க் குழம்பும் பட்டைத் தூள் போட்ட இனிப்பு ரொட்டியும் எடுத்துவைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீ செஞ்சது சரிதான்."

"அப்புறம் ஏன் சாப்பாடு எறங்க மாட்டேங்குது?"

"சரியா செஞ்சா பசிக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும்போதே காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் கொண்டுபோனார், சாமான்களைக் கட்டிக்கொள்ள. பிரிட்சார்ட் இருட்டறையில் ஆட்டத்தின் படச்சுருளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காரு. உனக்கு அது நல்லா வரும்."

திரையில் ஆட்கள் ஓடினார்கள். ஓரத்தில், ஒரு பெட்டியின் மேல், ஒரு சிறிய மனிதர்.

"இங்க பாரு, நம்ம பய கோட்டைத் தாண்டுறான். ஊரே குதிக்குது. நீ குதிக்கல. இங்க ஒரு பய உன் காலு மேலயே விழறான். நீ எந்திரிக்கல. பதினஞ்சு நிமிஷம். இந்தக் குளிர்ல ஐஸ் மேல."

வெர்லின் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

பிரிட்சார்ட் சுருளைப் பின்னால் ஓட்டினார். டெல்மர் மோதினான், எழுந்தான், எதிரணி வட்டத்துக்குள் போய்த் தலை குனிந்தான். நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். நாலு முறை டெல்மர் அந்நியர்களோடு தலை குனிந்து நின்றான்.

"நான் பந்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க, கோச்."

"நீ பாக்கலையே."

"எனக்குப் பந்தைப் பாக்கப் பயம்."

"பழைய எடத்துல உன்ன மாதிரியே ஒருத்தன் இருந்தான்," என்றார் பிரிட்சார்ட். "அவனும் ஒளிச்சு வச்சான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வேற எடுத்துக் குடுக்கச் சொன்னேன். அலமாரில நாப்பது இருந்துச்சு."

"அந்தப் பையன்?"

சுருள் தீர்ந்து திரை வெள்ளையாயிற்று. அந்த வெளிச்சத்தில் பிரிட்சார்ட் சுருளைக் கழற்றினார்.

"அடுத்த வருஷமும் உன்ரூ இருக்கான் இல்ல?"

"இருக்கான், கோச்."

"அதே அளவுல இன்னொரு ஹெல்மெட் வரவழைச்சிரு."

எதற்கு என்று கேட்க வாயெடுத்தார். டெல்மருடைய தலைக்கு நல்லது நினைத்தா, அல்லது அடுத்த முறை எதையும் ஒளிக்க முடியாதபடிக்கா? பிரிட்சார்ட் அதற்குள் அடுத்த சுருளை மாட்டத் தொடங்கியிருந்தார். ஒருவேளை அவருக்கே தெரியாது.

வெர்லின் அலுவலகத்தில் தொழிற்சாலைக்கான படிவத்தை நிரப்பினார். அளவைக் கட்டத்தில் கவனமாக எழுதினார். அனுப்பாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அனுப்பிவிட்டார்.

பிறகு சாமான் அறைக்குப் போய், ஐஸ் பெட்டியைத் திறந்து, உள்ளே டெல்மரின் ஹெல்மெட்டை வைத்து, சுற்றிலும் கையால் அளந்து பார்த்தார். நெட்டுவாக்கில் வைத்தார், குறுக்குவாக்கில் வைத்தார், கவிழ்த்து வைத்தார். எப்படி வைத்தாலும் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.