பியானோ நின்றபோது கேட்ட சத்தம்

லியோட்டா க்ரெப்ஸின் இடது கையில் இரண்டு விரல்கள் நேராக நீளாது. அனாதை விடுதியிலிருந்து வீட்டு வேலைக்கென்று அவளை அழைத்துப்போன பண்ணைக்காரன் ஆசா ஃபல்கர்சன், பால் வாளியைக் கவிழ்த்துவிட்டாள் என்று கொட்டகைக் கதவிடுக்கில் அவள் கையை வைத்துக் கதவை அறைந்து சாத்தியதில் முறிந்தவை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வைத்தியர் யாரும் வரவில்லை. மாவுச் சாக்கைக் கிழித்து, பல்லால் இழுத்து, அவளே கட்டிக்கொண்டாள்.

இண்டியானாவின் அந்தச் சோளப் பண்ணையில் சோறு வேளை தவறினாலும் அடி தவறாது. ரொட்டி கருகினால் குதிரை வார். கோழி முட்டையிடாவிட்டாலும் அதே வார். ஃபல்கர்சன் கத்திப் பேசுகிற ஆளில்லை. அமைதியாகச் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் அடிப்பான். ஞாயிற்றுக்கிழமை அதே கையில் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துவான். பன்றி வெட்டும் நாளொன்றில் அவன் கொதிநீரை அவள்மேல் வீசியபோது ஓடியவள்தான். தக்காளி டப்பாத் தொழிற்சாலையில் உழைத்து, தங்கியிருந்த வீட்டுப் பியானோவில் தானாகவே வாசிக்கப் பழகி, வளர்ந்த பெண்ணாக அந்த மாவட்டத் தலைநகருக்கே திரும்பி வந்தாள். ப்ரூயிட் என்பவரின் படக்கொட்டகையில் ஊமைப்படங்களுக்கு வாசிக்கிற வேலை கிடைத்தது. கடைத்தெருவில் ஃபல்கர்சன் எதிரே வந்தால் இருவரும் பார்க்காததுபோலப் போவார்கள்.

முதல் உலகப் போர் முடிந்த அடுத்த வருஷம் அந்தப் படம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு பாட்டை வைத்து எடுத்தது: அனாதைச் சிறுமி ஒருத்தி வேலைக்கு வந்த வீட்டில் பூதக்கதை சொல்வாள். படத்தில் அவளுக்கொரு கொடிய மாமனையும் சேர்த்திருந்தார்கள். அவன் வாரை ஓங்கும் இடத்தில் சோகமாக, மெதுவாக வாசிக்கச் சொல்லியிருந்தார் ப்ரூயிட். ஊரே அங்கே மூக்கைச் சிந்தியது. லியோட்டாவுக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது. அடிக்கிறவன் கையை அவ்வளவு உயர்த்தமாட்டான்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு ஃபல்கர்சன் மனைவியோடு வந்தான். கூடவே விடுதியிலிருந்து புதிதாகக் கொண்டுவந்த சிறுமி, ஓப்பல். முன்வரிசையில், பியானோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். அந்த வெயிலிலும் பிள்ளைக்கு மணிக்கட்டுவரை கம்பளிச் சட்டை.

திரையில் வார் எழுந்ததும் ஓப்பல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நாற்காலிக்கடியில் சுருண்டாள். ஃபல்கர்சன் குனிந்தான்.

"மானத்த வாங்காத. எந்திரிச்சு உக்காரு," என்றான், தணிந்த குரலில்.

லியோட்டாவின் கை நின்றுபோயிற்று. கொட்டகையில் அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தமில்லை. திரையில் வார் ஓசையில்லாமல் இறங்கியது. முன்வரிசையில் ஓப்பல்மேல் விழுந்த அறை கடைசி வரிசைவரை கேட்டது. பின்னாலேயே இன்னொன்று.

இருட்டில் ப்ரூயிட் கெஞ்சினார். "லியோட்டா, வாசிம்மா."

அவள் எழுந்தாள். உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கி ஃபல்கர்சனின் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. அவன் எழுந்து மற்றக் கையால் அவள் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. அவள் விழவில்லை. முக்காலியின் கால் கழன்று வரும்வரை அடித்தாள். கழன்ற காலாலும் அடித்தாள். ஆண்கள் நாலைந்து பேர் இழுத்துப் பிடித்தபோது அவன் இரண்டு வரிசைக்கு நடுவே முகங்குப்புறக் கிடந்தான். அவள் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி அவளிடம் சலிப்போடு கேட்டார். "அவர் வளக்கிற புள்ளைய அவர் கண்டிச்சாரு. உனக்கு என்னம்மா வந்தது?"

"அந்தப் புள்ள முதுகைப் பாருங்கய்யா. அது கூச்சப்பட்டா என் முதுகைப் பாருங்க. ரெண்டும் ஒரே வார்தான்," என்றாள். மூக்கு வீங்கியிருந்ததால் வார்த்தை குழறியது.

ஷெரீஃபின் மனைவி பிள்ளையைப் பக்கத்து அறைக்குள் அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தழும்பு உண்டென்று நீதிபதியைப் பார்த்துத் தலையசைத்தாள். ஓப்பல் அந்தப் பண்ணைக்குத் திரும்பவில்லை. லியோட்டாவுக்குச் சிறை கிடைத்தது. ஃபல்கர்சனுக்கு ஒரு தண்டனையும் இல்லை. கட்டுப் பிரித்ததும் மறுபடி காணிக்கைத் தட்டைத் தூக்கினான். ப்ரூயிட் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

சிறையில் அவளை ஒரே யோசனை அரித்தது: பிள்ளையை ஒரு அடியிலிருந்து இன்னொரு அடிக்கு அனுப்பிவிட்டோமோ? வெளியே வந்ததும் ஷெரீஃபின் மனைவியிடம் கேட்டறிந்து, இல்லினாயில் ஓப்பலை எடுத்துக்கொண்ட தம்பதியின் ஊருக்கு ரயிலேறினாள். அங்கேயும் ஒரு வாரைக் கண்டால் என்ன செய்வது என்று தீர்மானித்துத்தான் போனாள்.

வேலிக்கு இப்பால் நின்று பார்த்தாள். முற்றத்தில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். துணிக்கூடையைத் தூக்கி வந்த ஓப்பல் வழியில் இருந்த வாளி தடுக்கி, துவைத்த துணியெல்லாம் சேற்றில் கொட்டிவிட்டாள்.

"கண்ண எங்கடி வச்சிருக்க?" என்று அந்தப் பெண் கையை வீசிக்கொண்டு திரும்பினாள்.

லியோட்டாவின் கை வேலியை இறுக்கிப் பிடித்தது.

"நீங்கதான் வாளிய வழியில வச்சீங்க," என்றாள் ஓப்பல். தலையை மூடவில்லை, ஒதுங்கவும் இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, யார் மறுபடி துவைப்பது என்று அவளோடு வாயாடத் தொடங்கினாள்.